அப்பாவின் லாங் சைஸ் நோட்டு

முதல் நாள், காட்பாடி

விடிவதற்கு முன்பே காட்பாடியில் இறங்கிவிட்டேன். கோயம்புத்தூரில் ஏறும்போது நன்றாகத் தூங்க வேண்டும் என்றுதான் இருந்தேன். ஜோலார்பேட்டை வந்ததும் தானாக விழிப்பு வந்துவிட்டது. அங்கே வண்டி நிற்கும் நேரம் பார்த்து அப்பா போன் செய்வார், "எழுந்துட்டியாம்மா, இன்னும் ஒரு மணி நேரம்தான், மறுபடி தூங்கிடாத" என்பார், நான் இறங்கும்போது மேம்பாலப் படிக்குக் கீழே மஃப்ளர் சுற்றிக்கொண்டு நிற்பார். மே மாதத்திலும் மஃப்ளர். இருபது வருஷப் பழக்கம், போன் வராவிட்டாலும் உடம்பு எழுந்துகொள்கிறது.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவு நாளுக்காக ஆறு நாள் லீவு போட்டு வந்திருக்கிறேன். தினமும் ராத்திரி அன்றைக்கு நடந்ததை இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன், எழுதாவிட்டால் எனக்கே மறந்துவிடும்.

பிளாட்பாரத்தில் எப்போதும் போலக் கூட்டம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இறங்கிய குடும்பங்கள், சுருட்டிய பாய், கையில் எக்ஸ்ரே கவர், எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைக்குத்தான் இத்தனை ரயில்களும் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன. அப்பாவோடு நடந்தால் இந்த இடத்தைத் தாண்ட அரை மணி நேரமாகும். யாராவது திகைத்து நிற்பதைப் பார்த்தால் என் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஆட்டோ பேசிக் கொடுத்துவிட்டு வருவார். அவருக்குத் தெரிந்த வங்காளம் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். ஜோல் என்றால் தண்ணீர். ரொக்தோ என்றால் ரத்தம்.

அப்பா அரசு பஸ் கண்டக்டர். 1985-இல் வேலையில் சேர்ந்தபோது அது பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம். 1997-இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே பெயராக மாற்றிய பிறகும் வீட்டில் அவர் பழைய பெயரைத்தான் சொல்வார். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஒடுகத்தூர் என்று முப்பது வருஷம் ஓடி 2015-இல் ஓய்வு பெற்றார். இந்த முப்பது வருஷத்தில் பஸ்ஸில் ஏறின ஆட்களிடம் டிக்கெட் கொடுத்துக்கொண்டே ரத்த வகையைக் கேட்டு எழுதி வைத்த நோட்டு ஒன்று உண்டு. மளிகைக் கடையில் கணக்கெழுதும் லாங் சைஸ் நோட்டு, பைண்டிங் போய் இரண்டு முறை சாக்கு ஊசியால் தைத்தது. மொத்தம் 212 பேர். யாருக்கு எப்போது ரத்தம் தேவைப்பட்டாலும் அப்பாவின் நம்பருக்குப் போன் வரும், அப்பா நோட்டைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார். அவ்வளவுதான் அவர் செய்தது. சங்கம் கிடையாது, லெட்டர் பேட் கிடையாது, வாசலில் போர்டு கிடையாது.

நான் இந்த முறை வந்த காரியமே அந்த நோட்டுதான். இதில் இருக்கிறவர்களில் முடிந்தவரை நேரில் போய்ப் பார்த்து, அப்பா இல்லை, இத்தனை வருஷம் வந்ததற்கு நன்றி, இனி இந்த நம்பர் எடுக்காது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். ஒரு வீட்டை மூடும்போது எல்லா அறையிலும் விளக்கு அணைத்துவிட்டு வருவோமே, அப்படி.

ஆட்டோ பாலாற்றுப் பாலத்தில் வரும்போது விடிந்துவிட்டது. கீழே வெறும் மணலும் சீமைக் கருவேலமும்தான். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். "காபி போடட்டுமா, குளிச்சிட்டு வரியா" என்றாள். அப்பாவின் பழைய போன் ஷெல்ஃபில் சார்ஜில் இருந்தது. சும்மா வைத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், குடியாத்தம்

நோட்டில் அப்பா யார் பெயரையும் எழுத மாட்டார். முதலில் ரத்த வகை, அப்புறம் ஊர், அப்புறம் ஒரு அடையாளம். "பி பாசிட்டிவ் – சேண்பாக்கம் – சைக்கிள் கடை." "ஏ பாசிட்டிவ் – பள்ளிகொண்டா – பூக்காரம்மா மகன்." பக்கத்தில் போன் நம்பர். அதன் கீழே பொடி எழுத்தில் ரத்தம் கொடுத்த தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே தொண்ணூறு நாள் கூட்டி இன்னொரு தேதி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம், பெண்களுக்கு நான்கு மாதம். எதிரே எழுதிய அந்தத் தேதிக்கு முன்னால் அப்பா உயிரே போனாலும் அந்த ஆளைக் கூப்பிட மாட்டார். பஸ் கணக்கில் ஐம்பது பைசா குறைந்தால் தூங்காத மனிதர், இந்தக் கணக்கிலும் அப்படியே இருந்தார்.

பள்ளிகொண்டா வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் கம்பியைத் தொட முடியாத வெயில். வேலூரை வெயிலூர் என்று சொல்வார்கள், அக்னி நட்சத்திரம் நடக்கும்போது குடியாத்தமும் அதற்குச் சளைத்ததல்ல. ஊர் முழுக்கப் பந்தலும் மஞ்சள் தோரணமும். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

நான் தேடிப்போனது "ஓ நெகட்டிவ் – குடியாத்தம் – தறி." தறிச் சத்தம் கேட்கிற சந்தில் நுழைந்து கண்டக்டர் பொண்ணு என்று சொன்னதுமே ஒரு சின்னப் பையன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். லுங்கி நெய்கிறார். ஓ நெகட்டிவ் ரத்தம் அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றலாம், ஆனால் ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் சேரும். அதனால் அப்பா இவரைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். "உங்கப்பா என்னைக் கூப்ட்டார்னா வேற வழியே இல்லன்னு அர்த்தம்மா. பாதித் தறியில எழுந்து போயிடுவேன். சும்மா ஒருநாளும் கூப்ட்டதில்ல" என்றார். ஒருமுறை நடு ராத்திரியில் பஸ் இல்லாமல் முட்டைகோஸ் ஏற்றிப்போன லாரியில் உட்கார்ந்து வேலூர் போனாராம்.

நான் தயாராக வைத்திருந்த பேச்சைச் சொல்லத் தொடங்கினேன். அப்பா இல்லை, இனி இந்த நம்பர் எடுக்காது என்று. அவர் என்னையே பார்த்தார்.

"இன்னாம்மா சொல்ற? போன பங்குனியில கூட அம்மா கூப்ட்டாங்களே. போய்க் கொடுத்துட்டு வந்தேனே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வீட்டில் மோர் கொடுத்தார்கள், குடித்தேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நோட்டைப் பிரித்தேன். நான் அதுவரை முதல் பக்கங்களை மட்டுமே பார்த்திருந்தேன். ஓ நெகட்டிவ் பக்கத்துக்குப் போனேன். அப்பாவின் சாய்ந்த பேனா எழுத்துக்குக் கீழே பென்சிலில் உருண்டை உருண்டையாக ஒரு தேதி, எதிரே தொண்ணூறு நாள் கூட்டிய தேதி. மற்ற பக்கங்களைப் புரட்டினேன். ஆனி, ஆவணி, ஐப்பசி, தை என்று எல்லா மாதத்திலும் பென்சில் எழுத்து இருந்தது. அம்மா எட்டாவது வரை படித்தவள். அவள் எழுதி நான் பார்த்ததெல்லாம் பால் கணக்கு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் படுத்துட்டாங்க. ஒரு மணிக்குப் போன் அடிச்சுது. அவர் இல்லம்மான்னு சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, பிரசவத்துக்குத் தங்கச்சியச் சேத்திருக்காளாம், அழுதுது. இரும்மா அழாதன்னுட்டு நோட்டை எடுத்தேன். அவர் எப்படிப் பாப்பார்னு முப்பது வருஷமா பாத்துக்கினுதானே இருக்கேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உடம்பப் பாத்துக்கோ, போனை ஆஃப் பண்ணி வைன்னு சொல்லுவ." உண்மைதான், அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள், ஆம்பூர்

இன்று அம்மாவும் கூட வந்தாள். நான் இனி நன்றி சொல்லி விடைபெறப் போவதில்லை, யார் யார் இருக்கிறார்கள், யார் வீடு மாறிவிட்டார்கள், யாருக்கு நம்பர் மாறிவிட்டது என்று பார்த்துத் திருத்தி எழுதப் போகிறோம். நேற்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதில் தானாக அப்படி ஆகிவிட்டது.

கண்டக்டர் சீட்டுக்கு முந்தின வரிசையில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் சின்னப் பையன், கையில் டிக்கெட் மிஷின். அம்மா அப்பாவின் பஸ்ஸில் டூட்டி நேரத்தில் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறாளாம், கல்யாணமான புதிதில், வெட்டுவாணம் எல்லையம்மன் கோயிலுக்கு. அப்பா மற்றவர்களைக் கேட்பது போலவே அவளிடமும் வந்து "எங்கம்மா போகணும்" என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துத் தோல் பையில் போட்டாராம். "பஸ்ஸே பாத்து சிரிச்சுது, எனக்கு வெக்கமா போச்சு" என்று சொல்லிவிட்டு வெட்டுவாணம் தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அப்பா இந்த வேலையைத் தொடங்கின கதையை இங்கே எழுதிவிடுகிறேன். 1986. ஒடுகத்தூரிலிருந்து வேலூர் வரும் முதல் டிரிப்பில் ஒருவர் ஏறினார், மனைவி ஆஸ்பத்திரியில், ரத்தம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஊருக்குப் போய் மனைவியின் கம்மலை விற்றுப் பணம் கொண்டுவருகிறார். அந்தக் காலத்தில் ரத்தம் விற்கிறவர்கள் இருந்தார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் உடம்பில் தெம்பே இல்லாமல் மறுபடி மறுபடி விற்பார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி 1998 ஜனவரி 1 முதல்தான் காசுக்கு ரத்தம் வாங்குவது தடை செய்யப்பட்டது. அப்பா டிரிப் முடிந்ததும் யூனிஃபார்மோடு அவருடன் போனார். வகை பொருந்தியது. "கம்மலை மறுபடி வாங்கிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டிரிப்புக்கு ஓடி வந்துவிட்டார். அதன் பிறகுதான் நோட்டு வாங்கினது.

ஆம்பூரில் "ஏ நெகட்டிவ் – ஆம்பூர் – ஷூ கம்பெனி பாய்." நோட்டில் அதிகப் பென்சில் எழுத்து இவருக்கு எதிரேதான். அம்மாவை அண்ணி என்றே கூப்பிடுகிறார். ஒருமுறை ரமலான் நோன்பு நாளில் ஒரு குழந்தைக்கு ஏ நெகட்டிவ் தேவைப்பட, அப்பா இவரை நேராகக் கேட்காமல் முதலில் டாக்டரிடம் சாயங்காலம் வரை தாங்குமா என்று கேட்டுக்கொண்டு, நோன்பு திறக்கும் நேரம் முடிந்து அரை மணி கழித்துப் போன் செய்தாராம். "அண்ணன் அன்னிக்கு மத்தியானமே என்னக் கேட்டிருந்தா நான் போயிருப்பேன். ஆனா அவர் கேக்கல. இவன் நோன்பு கெடக்கூடாது, கொழந்தையும் பொழைக்கணும்னு ரெண்டையும் யோசிச்சார் பாருங்க" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள், அவர் மனைவியோடு சமையலறையில் பேசும் சத்தம் கேட்டது.

பிரியாணி சாப்பிடாமல் விடவில்லை. சீரகச் சம்பா, எண்ணெய்க் கத்திரிக்காய், தயிர் வெங்காயம். மூன்று பார்சல் வேறு. பாயின் பெரிய மகன் கல்லூரியில் படிக்கிறான், பதினெட்டு முடிந்துவிட்டது, அவனுக்கும் ஏ நெகட்டிவ். அம்மா பையிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

வாணியம்பாடியில் நான்கு பேரைப் பார்த்தோம். இரண்டு பேர் பெங்களூர் போய்விட்டார்கள், ஒருவர் காலமாகிவிட்டார். வெயில் தாங்கவில்லை, சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

நான்காம் நாள், வேலூர்

இன்று நினைவு நாள். விடியற்காலையில் எழுந்து அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் செய்தோம். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் கொத்சு. அந்தக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தன் பிள்ளைக்கு வேலை கிடைத்தது போல எனக்குப் போன் செய்து சொன்னவர் அவர். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் வருவார்கள் என்று சமைத்தோம். பத்து மணிக்கு மேல் சைக்கிள் கடைக்காரர் வந்தார், பூக்காரம்மாவும் மகனும் வந்தார்கள், டிப்போ ஆட்கள் வந்தார்கள், அப்பாவோடு பதினோரு வருஷம் ஓடின டிரைவர் பெரியப்பா கைத்தடியோடு வந்தார். யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. அத்தை மறுபடி உலை வைத்தாள்.

போன வருஷம் இதே வெயில். காலையில் குளித்துவிட்டு வந்து ஈசி சேரில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தபோது ராத்திரி ஆகிவிட்டது, அதனால் இது அம்மாவும் அத்தையும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிக் கொடுத்தவர் அதோடு விடாமல் அம்மாவுக்குப் பாடம் நடத்தியிருந்தார். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமையை மூடி மேலே ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். தலைக்கு அண்டை கொடுத்துச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். ஃபேனைப் போடக்கூடாது, காற்றில் விழி உலர்ந்துவிடும். அப்பா போன பத்தாவது நிமிடத்தில் அம்மா எழுந்து ஃபேனை நிறுத்தினாளாம். வீடு நிறையக் கூட்டம், கத்திரி வெயில், வந்தவர்களெல்லாம் ஃபேனைப் போடு ஃபேனைப் போடு என்கிறார்கள், யாரோ எழுந்து போய் சுவிட்சைப் போட, அம்மா அழுதுகொண்டே போய் அணைக்க, மறுபடி யாரோ போட, மறுபடி அவள் அணைக்க. "புருஷன் கெடக்கான், காத்தக்கூட நிறுத்தறா பாரு" என்று ஒரு பெரியம்மா சத்தமாகவே சொன்னாளாம். கடைசியில் அம்மா சுவிட்ச் போர்டுக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டாள். கண் வங்கி ஆட்கள் வரும் வரை இரண்டு மணி நேரம் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அவருடைய இரண்டு கருவிழியும் இரண்டு பேருக்குப் போயிருக்கும். யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். லாங் பஜாரில் நடக்கும்போது எதிரே வருகிறவர்களின் கண்ணைப் பார்க்கிற பழக்கம் அம்மாவுக்கு வந்துவிட்டது என்று அத்தை சொன்னாள். இன்று கடைக்குப் போகும்போது நானும் அப்படித்தான் பார்த்தேன்.

சாயங்காலம் டிரைவர் பெரியப்பா 2021 நவம்பர் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். வேலூரைப் பற்றி ஊரில் ஒரு சொலவடை உண்டு, நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில் என்று. அப்பாவுக்கு அது பிடிக்காது. 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலில் மறுபடி வைத்தார்கள், சாமியில்லா கோயில் என்பது அன்றோடு பொய்யாகிவிட்டது என்பார். பாலாறு இரு கரை தொட்டு ஓடிய அந்த நவம்பரில் இதுவும் பொய்யாகிவிட்டது என்று போய் நின்று பார்த்தாராம். அதே வாரம் விரிஞ்சிபுரம் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்கரை வடுகந்தாங்கல் பக்கத்தில் இருக்கிற பையன் ரத்தம் கொடுக்க வர வேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் ஸ்கூட்டரில் காட்பாடி சுற்றிப்போய் அவனைக் கூட்டிவந்து, கொடுத்து முடித்ததும் மறுபடி கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு, ராத்திரி பதினொன்றுக்குத் தொப்பலாக நனைந்து வந்தார்களாம். அப்பாவுக்கு அப்போது 64 வயது.

ஐந்தாம் நாள், வேலூர், ஆற்காடு

காலையில் ஆஸ்பத்திரித் தெருவில் நடந்தேன். லாட்ஜ் போர்டுகளிலும் மெஸ் போர்டுகளிலும் வங்காள எழுத்து. தலசீமியா இருக்கிற குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அப்பாக்களை இந்தத் தெருவில் எப்போதும் பார்க்கலாம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால்தான் அந்தக் குழந்தைகள் ஓடியாட முடியும். மே மாதம் கல்லூரிகளுக்கு லீவு, ரத்ததான முகாம் நடக்காது, ரத்தத்துக்குத் தட்டுப்பாடு அதிகமாக இருக்கும். அப்பா இந்த மாதத்தில் எங்கேயும் வெளியூர் வர மாட்டார். என் முதல் பிரசவமே மே மாதம்தான். குழந்தை பிறந்த மறுநாள் காலை கோயம்புத்தூர் வந்து, பேத்தியைக் கையில் வாங்கி, மூன்று நாள் எனக்குப் பத்தியச் சாப்பாடு தன் கையால் ஊட்டிவிட்டு, நான்காம் நாள் ஓடினார். அந்த மூன்று நாளும் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

எனக்கு அப்போது கோபம் வந்தது. அதையும் எழுத வேண்டும். சின்ன வயதில் நிறையக் கோபம் வந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி எல்லாரும் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஆனால் இதையும் நினைத்துப் பார்க்கிறேன். எனக்குப் பதினெட்டு முடிந்த அன்றைக்கு நானும் ரத்தம் கொடுக்கிறேன் என்று அவரோடு போனேன். ஹீமோகுளோபின் 10.4 என்றார்கள், பன்னிரண்டரை இருந்தால்தான் எடுப்பார்கள். நான் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து அப்பா டூட்டி முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் மறுநாளைக்கு முருங்கைக்கீரையை உருவி வைத்துவிட்டுத்தான் படுப்பார், வேர்க்கடலை வெல்ல உருண்டையை டப்பாவில் போட்டு என் பையில் வைப்பார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை லீவு போட்டு டெஸ்டுக்குக் கூட்டிப்போவார். 10.9, 11.2, 11.6 என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எனக்கென்று தனிக் கணக்கு இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்து 12.7 வந்தது. அன்று நான் கொடுத்துவிட்டு வந்ததும் ஆற்காட்டுக்குக் கூட்டிப்போய் மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் பஸ்ஸில் தெரிந்தவர்களிடமெல்லாம் "என் பொண்ணு குடுத்துட்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதனால் இன்று மத்தியானம் ஆற்காடு போனேன். பேடா வாங்கிக்கொண்டு பாலாற்றங்கரையில் டெல்லி கேட் பக்கம் உட்கார்ந்து ஒன்று சாப்பிட்டேன். வேறு எதுவும் பார்க்கவில்லை.

ஐடா ஸ்கடரைப் பற்றி அப்பா எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்களாம், மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வேதனை, ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று டாக்டரான ஐடாவின் அப்பாவை வேண்டாம் என்றுவிட்டார்கள், ஐடாவுக்கு அப்போது வைத்தியம் தெரியாது, விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் டாக்டருக்குப் படிக்கப் போனது. அப்பாவுக்கு ராத்திரி போன் அடித்தால் "யாரோ கதவைத் தட்டறாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் எழுந்திருப்பார்.

ஆறாம் நாள், மறுபடி காட்பாடி

முதல் பக்கத்தைப் பற்றி எழுதவே இல்லை. நோட்டின் முதல் வரி அப்பாவுடையது. "பி பாசிட்டிவ் – சத்துவாச்சாரி – கண்டக்டர்." கீழே தேதிகள் இடம் போதாமல் ஓரத்தில் ஏறி அடுத்த பக்கத்துக்கும் போயிருக்கின்றன. எண்ணினேன், 94. நூறு ஆகட்டும், பாராட்டு விழா வைக்கலாம் என்று சிலர் சொன்னார்களாம். 2022-இல் அவருக்கு 65 வயது முடிந்தது, அதற்கு மேல் கொடுக்கக்கூடாது. அன்றைக்கே ஸ்கேல் வைத்துத் தன் வரியை நேர்கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் "வயது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

அம்மாவும் நானும் ஆறு நாளில் 61 பேரை நேரிலும் போனிலும் சரிபார்த்தோம். 9 பேரை அடித்தோம், 14 பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஆம்பூர் பாய் மகன் நோட்டு முழுவதையும் போனில் ஏற்றித் தருகிறேன் என்றான். சரி ஏற்று, ஆனால் நோட்டு என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள் அம்மா. பின்னட்டை பிய்ந்திருந்தது, சாக்கு ஊசி எடுத்து மூன்றாவது முறையாகத் தைத்தோம்.

வழியனுப்ப அம்மா காட்பாடி வரை வந்தாள். மேம்பாலப் படிக்குக் கீழே, அப்பா நிற்கிற அதே இடத்தில் நின்றாள். வண்டி கிளம்பும் நேரம், ஒரு வயதான அம்மாவும் மகனும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கையசைத்தபடியே அவர்கள் பக்கம் போனாள். ஜன்னல் வழியாக நான் பார்த்தபோது ஆட்டோ ஸ்டாண்டு இருக்கும் பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

ஜோலார்பேட்டையில் போன் வந்தது. "தூங்கிட்டியா? ஒண்ணுமில்ல, சும்மாதான்."

ஏழாம் நாள், கோயம்புத்தூர்

பயணம் நேற்றோடு முடிந்துவிட்டது, ஆனாலும் இதை எழுதிவிடுகிறேன். நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு அம்மா கூப்பிட்டாள். பள்ளிகொண்டா பூக்காரம்மாவின் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், விபத்து, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நாளைக் காலை ஆபரேஷன், ஏ நெகட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும். "நோட்டுல கோயம்புத்தூர்ல யாரும் இல்லடி" என்றாள்.

எனக்கும் யாரையும் தெரியவில்லை. இருபது வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர்களின் ரத்த வகைகூடத் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் அபார்ட்மெண்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். முதல் மாடியில் யாரும் இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் ஓ பாசிட்டிவ், இன்னொரு வீட்டில் தெரியாது என்றார்கள். மூன்றாவது மாடியில் மூன்று பையன்கள் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள், கதவைத் திறந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் உள்ளே திரும்பி ஒருவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

அவன் ஆறு மணிக்கே வந்தான், ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். இன்னொரு யூனிட் அவன் ஆபீஸ் நண்பன் கொடுத்தான். ஆபரேஷன் முடிந்து அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள் என்று மத்தியானம் செய்தி வந்தது. சாயங்காலம் மகளுடைய பழைய லாங் சைஸ் நோட்டு ஒன்றில் எழுதாத பக்கமாகப் பார்த்துப் பிரித்தேன்.

ஏ நெகட்டிவ் – பீளமேடு – மூணாவது மாடிப் பையன்.